நாய், பூனைகளுக்குச் சமைக்காத உணவளித்தல்

வளர்ப்பு நாய்களுக்கும் பூனைகளுக்கும் சமைக்காத, அல்லது மிகக் குறைவாகவே பதப்படுத்தப்பட்ட இறைச்சி, எலும்பு, ஈரல் முதலிய உள்ளுறுப்புகள், முட்டை, மீன் ஆகியவற்றை முதன்மை உணவாக அளிக்கும் முறை சமைக்காத உணவளித்தல் அல்லது பச்சை உணவு முறை எனப்படுகிறது. பச்சை என்னும் சொல் இங்கு நிறத்தைக் குறிக்காமல், பச்சை இறைச்சி, பச்சை முட்டை என்னும் வழக்குகளில் உள்ளவாறு வேகவைக்கப்படாத நிலையைக் குறிக்கிறது.

விலங்கின் முன்னோர் காட்டில் உண்ட உணவே அதற்கு ஏற்றது என்பது இம்முறையை ஆதரிப்போரின் அடிப்படைக் கருத்தாகும். நாயும் பூனையும் இதில் ஒரே நிலையில் இல்லை. பூனை இறைச்சியின்றி வாழ இயலாத விலங்கு. நாயோ மனிதனுடன் வாழ்ந்து தானிய உணவுக்கும் தகவமைந்த விலங்கு. பச்சை இறைச்சியால் பரவும் நோய்கள் வளர்ப்போரையும் தாக்குவதால் இது பொது நலவாழ்வு சார்ந்த பொருளாகவும் உள்ளது.

வரலாறு

மனிதனுடன் வாழத் தொடங்கிய காலம் முதல் நாய்கள் வேட்டையின் எச்சங்களையும் மனிதர் உண்டு மீந்த உணவையும் உண்டு வந்தன. நாய்களுக்கெனத் தனியாகத் தயாரித்து விற்கப்படும் உணவு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. அமெரிக்கரான சேம்சு இசுபிராட் என்பவர் 1860களில் இங்கிலாந்தில் நாய் ரொட்டிகளை விற்பனை செய்தார். 20ஆம் நூற்றாண்டில் தகரக் குப்பி உணவும் உலர் உணவும் பரவின.

இவற்றுக்கு மாற்றாகப் பச்சை இறைச்சியையும் எலும்பையும் பரிந்துரைத்தவர்களுள் ஆத்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்கர்சுட் குறிப்பிடத்தக்கவர். 1993இல் வெளிவந்த இவருடைய நூல் இம்முறை மேலை நாடுகளில் பரவக் காரணமாயிற்று. பின்னர் உறைநிலையில் வைத்து விற்கப்படும் ஆயத்தப் பச்சை உணவுகளும் கடைகளுக்கு வந்தன.

தென் தமிழகத்தில் நாய் உணவு

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள சிவகிரி, அதற்கு வடக்கே விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராசபாளையம், கிழக்கே கோவில்பட்டி வரை விரியும் கரிசல் நிலம் ஆகியவை அடங்கிய பகுதி நாட்டு நாய் இனங்களுக்குப் பெயர் பெற்றது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் இப்பகுதியைச் சேர்ந்தவை. முயல் வேட்டை, வீட்டுக் காவல், அறுவடை முடிந்த வயல்களில் போடப்படும் ஆட்டுக் கிடைக் காவல் ஆகியவற்றுக்கு நாட்டு நாய்கள் பயன்பட்டன.

இவை வேட்டை நாய்கள் என்றாலும் இவற்றின் அன்றாட உணவு இறைச்சியாக இருக்கவில்லை. கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றின் கூழ் அல்லது கஞ்சியும், பால், மோர் ஆகியவையுமே வழக்கமான உணவாக இருந்தன. இறைச்சி இடையிடையே மட்டும் அளிக்கப்பட்டது. வேட்டையில் பிடிபட்ட விலங்கின் குடலும் எலும்பும் நாய்க்குரிய பங்காகக் கிடைத்தன. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமானதால் இப்பங்கும் இல்லாமற் போயிற்று. கோயில் கொடை விழாக்களில் வெட்டப்படும் ஆடுகளின் கழிவும், இறைச்சிக் கடை, கோழிக் கடைக் கழிவும் நாய்களுக்குக் கிடைக்கும் பச்சை இறைச்சியாக இருந்து வருகின்றன. கோழித் தலை, கால் ஆகியவற்றைக் குருணை அரிசியுடன் வேகவைத்துக் கொடுப்பதும் வழக்கில் உள்ளது.

எனவே நாட்டு நாய்களுக்கு முழுமையான பச்சை இறைச்சி உணவே மரபானது என்னும் கருத்து இப்பகுதி வழக்கத்துடன் பொருந்துவதில்லை.

செரிமான வேறுபாடுகள்

நாய்

நாய், ஓநாய் ஆகியவற்றின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013இல் நேச்சர் ஆய்விதழில் வெளியாயிற்று. மாப்பொருளைச் சிதைக்கும் அமைலேசு நொதியைக் கணையத்தில் உருவாக்கும் மரபணு ஓநாயில் 2 படிகளாகவும், நாயில் 4 முதல் 30 படிகள் வரையும் இருப்பதை அது காட்டியது. வேளாண்மை செய்த மனிதருடன் வாழ்ந்ததால் நாய் தானிய உணவுக்குத் தகவமைந்தது என இதற்கு விளக்கம் தரப்படுகிறது. வேகவைத்த தானியத்தை நாய் நன்கு செரிக்கும். வேகாத தானியத்தின் மாப்பொருள் எளிதில் செரிப்பதில்லை.

பூனை

பூனை கட்டாய ஊனுண்ணி ஆகும். அதன் உடலுக்குத் தேவையான பல பொருட்கள் விலங்குத் திசுக்களிலிருந்தே கிடைக்க வேண்டும். அவற்றுள் முதன்மையானவை:

டாரின்: இப்பொருளைப் பூனையின் உடல் போதிய அளவில் உருவாக்குவதில்லை. இது குறைந்தால் விழித்திரை சிதைந்து பார்வை இழப்பு ஏற்படும் என்பது 1975இலும், இதயத் தசை தளர்ந்து இதயம் விரிவடையும் என்பது 1987இலும் ஆய்வுகளால் அறியப்பட்டன. இதன் பின்னரே பூனை உணவுத் தயாரிப்பாளர்கள் டாரின் அளவை உயர்த்தினர்.

உயிர்ச்சத்து ஏ: காரட் போன்றவற்றில் உள்ள கரோட்டினைப் பூனையால் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்ற இயலாது. ஈரல் போன்ற விலங்கு உணவிலிருந்தே அதைப் பெற வேண்டும்.

அராக்கிடோனிக் அமிலம்: இக்கொழுப்பு அமிலத்தைத் தாவர எண்ணெயிலிருந்து பூனையால் போதிய அளவில் உருவாக்க முடியாது.

தமிழக வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் தயிர்ச்சோறும் வைப்பது பரவலான வழக்கம். இவற்றில் டாரின் மிகக் குறைவு. ஆயினும் நாட்டுப்புறப் பூனைகள் எலி, பல்லி, சிறு பறவைகள் ஆகியவற்றைப் பிடித்துத் தின்று தம் குறையைத் தாமே ஈடுசெய்து கொள்கின்றன. அடுக்குமாடி வீட்டில் அடைத்து வளர்க்கப்படும் பூனைக்கு இவ்வாய்ப்பு இல்லை. அதே பால்சோறு அதற்குப் படிப்படியான பார்வை இழப்பையும் இதய நோயையும் தரக்கூடும். விழித்திரைச் சிதைவு பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல நிகழ்வதால் வளர்ப்போர் அதைத் தொடக்கத்தில் உணர்வதில்லை. முற்றிய சிதைவு மீள்வதில்லை.

ஊட்டச்சத்துச் சமநிலை

இறைச்சி மட்டுமே கொண்ட உணவின் பெருங்குறை கால்சியம் பற்றாக்குறை ஆகும். 100 கிராம் தசை இறைச்சியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் கால்சியமும் 200 மில்லிகிராம் பாசுபரசும் உள்ளன. அதாவது இவ்விரண்டின் விகிதம் 1:20. நாய்க்குத் தேவையான விகிதமோ 1:1 முதல் 2:1 வரை ஆகும். இக்குறை நீடித்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கிறது. வளரும் குட்டிகளில் எலும்பு மெலிந்து, கால் வளைந்து, எளிதில் முறிகிறது. காட்டில் வாழும் ஊனுண்ணிகள் இரையை எலும்போடு தின்பதால் அவற்றுக்கு இக்குறை ஏற்படுவதில்லை.

மரபான கூழ் உணவில் கேழ்வரகின் இடம் இவ்வகையில் கருதத்தக்கது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கால்சியம் உள்ளது. அரிசியில் உள்ளது ஏறத்தாழ 10 மில்லிகிராம் மட்டுமே. கேழ்வரகில் உள்ள பைட்டிக் அமிலம் கால்சியம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும்போது இவ்வமிலம் ஓரளவு குறைகிறது. எனினும் வளரும் நாய்க்குட்டிக்கு 1000 கிலோகலோரி உணவில் சுமார் 3 கிராம் கால்சியம் தேவை. கேழ்வரகு மட்டும் தருவது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அதன் புரதமும் குட்டிக்குப் போதாது. ஆகவே கூழ் மட்டும், இறைச்சி மட்டும் ஆகிய இரண்டுமே குட்டிக்கு நிறைவான உணவு ஆகா.

பிற ஊட்டக் கேடுகளும் அறியப்பட்டுள்ளன. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் உயிர்ச்சத்தைப் பிணைத்து உடலுக்குக் கிடைக்காமல் செய்கிறது. சாதாக் கெண்டை உள்ளிட்ட சில மீன்களின் பச்சைத் திசுவில் உள்ள தயமினேசு நொதி உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கிறது. அத்தகைய மீனையே தொடர்ந்து உண்ணும் பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அவிடினும் தயமினேசும் செயலிழக்கின்றன. ஈரலை அளவின்றிக் கொடுத்தால் உயிர்ச்சத்து ஏ மிகுந்து பூனையின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகக்கூடும்.

நோய்த்தொற்று

பாக்டீரியா

பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, காம்பிலோபாக்டர், லிசுடீரியா, நோயுண்டாக்கும் ஈ. கோலை வகைகள் ஆகியவை இருக்கக்கூடும். நெதர்லாந்தில் விற்கப்பட்ட 35 உறைநிலைப் பச்சை உணவுகளைச் சோதித்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 54 விழுக்காட்டில் நோயுண்டாக்கும் லிசுடீரியாவும் 20 விழுக்காட்டில் சால்மோனெல்லாவும் கண்டறியப்பட்டன. உறையவைத்தல் பாக்டீரியாவின் பெருக்கத்தை நிறுத்துமேயன்றி அவற்றை முற்றாகக் கொல்வதில்லை என்பதற்கு இது சான்றாகும். நாய் நோய்க்குறி எதுவுமின்றிச் சால்மோனெல்லாவை மலத்தில் வெளியேற்றக்கூடும். அந்நாயுடன் பழகும் சிறுவர், முதியோர், கருவுற்ற பெண்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கே இடர் மிகுதி.

ஹைடாடிட் நீர்க்கட்டி நோய்

ஆடு மாடு மிகுந்த ஊர்களில் மிகவும் கருதத்தக்க நோய் இதுவாகும். எக்கினோகாக்கசு என்னும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லிலும் நீரிலும் கலக்கின்றன. அவற்றை உட்கொள்ளும் ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் உருவாகின்றன. கட்டியுள்ள அந்த ஈரலையோ நுரையீரலையோ பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் மீண்டும் புழு வளர்கிறது.

மனிதர் இச்சுழற்சியில் தற்செயலாகச் சிக்குகின்றனர். நாயைத் தொட்ட கையாலோ, கழுவாத காய்கறியாலோ முட்டை வாய்க்குள் சென்றால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி மெல்ல வளர்கிறது. பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருந்து பின்னர் அறுவை மருத்துவம் தேவைப்படும் நிலை ஏற்படலாம்.

வெட்டிய ஆட்டின் கழிவை நாய்க்கு எறியாமல் ஆழப் புதைப்பதும், கொடுப்பதாயின் நன்கு வேகவைத்துக் கொடுப்பதும் இச்சுழற்சியை அறுக்கும் எளிய வழிகள் ஆகும். கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி பிராசிகுவாண்டல் மருந்து கொடுத்தால் நாயின் குடலில் உள்ள புழு அழியும்.

பறவைக் காய்ச்சல்

எச்5என்1 தீநுண்மி பூனைக் குடும்பத்து விலங்குகளுக்கு உயிர்க்கொல்லியாக உள்ளது. 2004இல் தாய்லாந்தின் விலங்குக் காட்சியகம் ஒன்றில் நோயுற்ற கோழியின் பச்சை இறைச்சியை உண்ட புலிகள் பெருந்தொகையில் மாண்டன. 2024இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உறைநிலைப் பச்சை உணவை உண்ட வீட்டுப் பூனை ஒன்று இந்நோயால் இறந்தது. செத்த கோழியையோ, நோய் பரவியுள்ள இடத்துக் கோழியின் பச்சை இறைச்சியையோ பூனைக்குக் கொடுத்தல் ஆகாது.

ஆதரவும் எதிர்ப்பும்

பச்சை இறைச்சி எளிதில் செரிக்கும் என்றும், தோலும் மயிரும் பளபளக்கும் என்றும், எலும்பு கடிப்பதால் பற்காரை நீங்கும் என்றும் ஆதரவாளர்கள் கூறுகின்றனர். பற்காரை குறைவதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அதே எலும்பு பல் முறிவையும் குடல் அடைப்பையும் ஏற்படுத்திய நிகழ்வுகளும் உள்ளன. பச்சை உணவால் ஆயுள் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல், நோய்க்கிருமிகளை நீக்கும் செயன்முறைக்கு உட்படாத விலங்குப் புரதத்தை நாய், பூனைகளுக்கு அளிப்பதைத் தவிர்க்குமாறு கொள்கை வெளியிட்டது.

பச்சை இறைச்சி தின்னும் நாய்க்கு வெறி பிடிக்கும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் உள்ளது. வெறிநோய் ஒரு தீநுண்மியால் ஏற்படுவது. நோயுற்ற விலங்கின் கடியால் பெரும்பாலும் பரவுகிறது. நாயின் உணவு எதுவாயினும் வெறிநோய்த் தடுப்பூசி இன்றியமையாதது.

கவனிக்க வேண்டியவை

சமைக்காத உணவு அளிப்போரும் வீட்டிலேயே வேகவைத்துக் கொடுப்போரும் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

குழம்பிலோ பிரியாணியிலோ வெந்த எலும்பைக் கொடுத்தல் கூடாது. வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

வெங்காயமும் பூண்டும் நாய், பூனை ஆகியவற்றின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இதனால் குழம்புச் சோறு ஏற்றதன்று. திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

டாரின் நீரில் கரையும். பூனைக்கு இறைச்சி வேகவைத்தால், உப்பும் மசாலாவும் சேர்க்காத வேகவைத்த நீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

குட்டிகளுக்கும், சினையாக உள்ளவற்றுக்கும், வீட்டில் அடைத்து வளர்க்கப்படும் பூனைகளுக்கும் வீட்டு உணவு அளிப்பதாயின் கால்நடை மருத்துவரைக் கலந்து கால்சியம், டாரின் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.

பச்சை இறைச்சி வெட்டிய கத்தி, பலகை, நாயின் உணவுத் தட்டு ஆகியவற்றை வீட்டுச் சமையல் பாத்திரங்களோடு கலவாமல் தனியே கழுவ வேண்டும். இறைச்சியைக் கையாண்ட பின்னும், நாயைத் தொட்ட பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.