நிரல் எழுதும் எந்திரத்துக்கு ஒரு வேலி

இரண்டாம் ஆண்டு மாணவர், பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

மனிதனின் சுமையைக் குறைக்க வந்த ஒவ்வொரு கருவியும் தன்னோடு ஓர் ஆபத்தையும் கொண்டு வந்தது. அந்த ஆபத்துக்கு ஒரு காப்பையும் மனிதன் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், மின்சாரத்துக்கு ஃபியூஸ். இன்று நம் கைக்கு வந்திருக்கும் புதிய கருவி, நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு. அதற்கு எத்தகைய காப்பு வேண்டும் என்பதை, நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில், இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

எந்திர உதவியாளன்

2021-ஆம் ஆண்டில் கிட்ஹப் கோபைலட் முதன்முதலாக வெளிவந்தபோது, நாம் எழுதும் நிரலின் அடுத்த வரியை ஊகித்துச் சொல்வதே அதன் வேலையாக இருந்தது. இன்றைய உதவியாளர்கள் அதனினும் வெகுதூரம் வந்துவிட்டார்கள். நாம் தமிழில் ஒரு வேலையைச் சொன்னால் போதும். நம் கணிப்பொறியில் உள்ள கோப்புகளைப் படிக்கும், திருத்தும், கட்டளைகளைத் தானே ஓட்டிப் பார்க்கும், பிழை வந்தால் மீண்டும் முயலும். யோசனை சொல்பவனாக இருந்தவன் இப்போது கையும் முளைத்து வேலை செய்பவன் ஆகிவிட்டான். கை முளைத்ததனால்தான் வேலியும் தேவைப்படுகிறது.

நான் செய்த தவறு

என் சொந்த ஊர் மம்சாபுரம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் எங்கள் தெருவின் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநர். பதினான்கு பெண்களின் சேமிப்பும் கடனும் அவர் கைநோட்டில் இருந்தன. படித்த பிள்ளை ஏதாவது செய்து கொடுக்க வேண்டாமா? அந்தக் கணக்கை வைக்க ஒரு நிரல் எழுதத் தொடங்கினேன். எந்திர உதவியாளனின் துணையால் நான்கே நாளில் வேலை முடிந்தது. கணக்கும் ஏறியது.

ஒரு நாள் இரவு, "பயன்படாத சோதனைக் கோப்புகளை நீக்கிச் சுத்தம் செய்" என்று அதற்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கணக்குக் கோப்பையும் காணோம். அதற்கு நான் சோம்பலில் வைத்திருந்த பெயர் "சோதனை 2". அது சொன்னபடிதான் செய்திருந்தது. கட்டளை மூலம் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில்கூட இல்லை.

நோட்டைப் பார்த்து இரண்டு இரவுகள் உட்கார்ந்து மீண்டும் ஏற்றினேன். ஆனால் ஒரு வரவு மட்டும் நோட்டில் இல்லை. "நீ கம்ப்யூட்டர்ல போட்டுரு, நான் பிறகு எழுதிக்கிறேன்" என்று அம்மா சொல்லியிருந்த ஐந்நூறு ரூபாய் அது. ஓர் அக்கா கட்டிய கடன் தவணை. தீப்பெட்டி ஒட்டிச் சம்பாதித்த பணம். அவரிடம் சீட்டு எதுவும் இல்லை. குழுக் கூட்டத்தில் அவர் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்கள், விஷயம் முடிந்தது. நம்பாதிருந்தால்? அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

பலகையும் மூடியும்

மறுநாள், "டேட்டாவை அழிக்காதே" என்று ஒரு விதிக்கோப்பு எழுதி வைத்தேன். இந்த உதவியாளர்கள் வேலை தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அறிவுரைக் கோப்பு அது. பெருமையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தவர். வலக்கை ஆட்காட்டி விரலில் பாதி இல்லை. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று யாரோ எந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்திருந்த நாளில் போனது அது.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கை வைக்காதேன்னு போர்டு தொங்கத்தான் செஞ்சது தம்பி. மூடிதான் இல்லை."

எனக்குச் சட்டென்று விளங்கியது. விதிக்கோப்பு என்பது பலகை. செயற்கை நுண்ணறிவு நம் விதியையும் மற்ற எழுத்துகளையும் ஒருசேரப் படித்து, அடுத்து என்ன செய்வது பொருத்தம் என்று கணிக்கிறது. பெரும்பாலும் விதிப்படி நடக்கும். நடந்தே தீரும் என்பதற்கு உறுதி இல்லை. உரையாடல் நீள நீள, தொடக்கத்தில் சொன்னது வலுவிழப்பதும் உண்டு. மூடி என்பது வேறு. உதவியாளன் விரும்பினாலும் செய்ய முடியாதபடி, அதற்கு வெளியே இருந்து தடுப்பது. நம் நாட்டில் நெடுங்காலம் நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948, தன் 21-ஆம் பிரிவில் ஆபத்தான எந்திரப் பகுதிகளுக்கு உறுதியான வேலி இட வேண்டும் என்றது. பலகை மாட்டினால் போதும் என்று அது விடவில்லை.

உலகறிந்த ஒரு நிகழ்ச்சி

இத்தவறு என் போன்ற மாணவனுக்கு மட்டும் நேர்வதன்று. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் என்னும் நிறுவனத்தின் எந்திர உதவியாளனைக் கொண்டு ஒரு செயலி அமைத்துக்கொண்டிருந்தார். அனுமதியின்றி எதையும் மாற்றக் கூடாது என்று அதற்குச் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் அது உண்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. மீட்கவும் முடியாது என்று அது கூறியது. ஆனால் பின்னர் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, சோதனைத் தரவுத்தளத்தையும் உண்மைத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். பலகை இருந்த இடத்தில் மூடி வந்தது எனலாம்.

நாம் அமைக்க வேண்டிய காப்புகள்

1. தனி இடம். உதவியாளனுக்கு ஒரே ஒரு கோப்புறையை மட்டும் திறந்து விடுக. அதற்கெனத் தனிப் பயனர் கணக்கு அமைத்தால் இன்னும் நன்று. உண்மைக் கணக்கு வெளியே இருக்கட்டும்; உள்ளே கற்பனைப் பெயர்களுடன் ஒரு மாதிரிக் கணக்கு போதும்.

2. அனுமதிப் பட்டியல். கிளாட் கோடு போன்ற கருவிகளில், தானே செய்யலாம், கேட்டுச் செய்யலாம், செய்யவே கூடாது என மூன்று பட்டியல்கள் உண்டு. படிப்பதை முதலாவதிலும், அழிப்பதை மூன்றாவதிலும் வைக்கலாம். ஆயினும் இதை மட்டும் நம்பக் கூடாது. அழிக்கும் கட்டளையைத் தடுத்தால், அழிக்கும் பைத்தான் நிரல் ஒன்றை அது எழுதி ஓட்டக்கூடும். ஆகவே முதல் காப்பும் உடன் இருக்க வேண்டும்.

3. நகல். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் கிட் மூலம் அன்றைய நிலையைப் பதிந்து வைக்க வேண்டும். அந்தப் பதிவும் அதே கோப்புறையில்தான் இருக்கும் என்பதால், ஒரு நகலைப் பென் டிரைவில் எடுத்துக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

4. இரகசியம். கடவுச்சொல், ஆதார் எண் ஆகியவை அதன் கண்ணில் படவே கூடாது. இத்தகைய உதவியாளர்களுள் பெரும்பாலானவை, தாம் படிப்பதைத் தொலைவில் உள்ள நிறுவனக் கணிப்பொறிக்கு அனுப்பித்தான் சிந்திக்கின்றன.

5. வெளியார் சொல். அது படிக்கும் இணையப் பக்கத்திலோ பிறர் தந்த கோப்பிலோ, "இதைச் செய்" என்று யாரேனும் ஒரு கட்டளையை ஒளித்து வைத்திருக்கலாம். அதையும் நம் சொல்லாக அது எடுத்துக்கொள்ளக்கூடும். தேவையில்லாத வேளையில் இணைய வழியை அடைத்து வைப்பதே நலம்.

6. பலகையும் வேண்டும். மூடி இருப்பதால் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் தெளிவாக எழுத வேண்டும். "கவனமாக இரு" என்பது விதியன்று. "கணக்கு என்னும் கோப்புறையில் எதையும் மாற்றாதே, சோதனையை ஓட்டிப் பார்த்த பிறகே வேலை முடிந்தது என்று சொல்" என்பது விதி.

மூடியைக் கழற்றுபவர் யார்?

இத்தனையும் செய்த பின்னும் ஓர் ஆபத்து எஞ்சுகிறது. அது நாம்தான். உதவியாளன் ஐம்பது முறை அனுமதி கேட்டால், ஐம்பத்தோராவது முறை படிக்காமலே "சரி" என்று அழுத்திவிடுகிறோம். எதையும் கேட்காமல் எல்லாம் செய் என்று விட்டுவிடும் விசையும் சில கருவிகளில் உண்டு. வேலை வேகமாக நடக்கும். என் தந்தையாரின் எந்திரத்தில் மூடியைக் கழற்றியவரும் வேகத்துக்காகவே கழற்றினார். ஆகவே அற்ப விஷயங்களுக்கெல்லாம் கேட்க வைக்காமல், திரும்பப் பெற முடியாதவற்றுக்கு மட்டும் கேட்க வைப்போம். அப்போதுதான் கேட்கும்போது நாம் நின்று படிப்போம்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் நியாயவிலைக் கடைக்கும் நிரல் எழுதப் போகிறோம். அங்கே அழியக்கூடிய ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் ஐந்நூறு ரூபாய். என் தாயாரின் குழுக் கணக்கு இப்போது நன்றாக நடக்கிறது. நிரலும் ஓடுகிறது, காப்புகளும் இருக்கின்றன. எனினும், வரவு வந்த அன்றே அம்மா தம் நோட்டிலும் எழுதிவிடுகிறார். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.