பஸ் போகும் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம்!

காலையில் பால் வண்டி போன சாலை. சந்தைக்கு ஆடுகளை ஏற்றிக்கொண்டு லாரி போன சாலை. சிறிது நேரத்தில் குறுக்கே கயிறு கட்டுகிறார்கள். வீட்டுக்காரர்கள் தோட்டத்துச் சுவர் மேல் ஏறி உட்காருகிறார்கள். அடுத்த நிமிடம் அந்த வீட்டு வாசலை ஒட்டி மணிக்கு 250 கிலோ மீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன!

இது நடப்பது மேன் தீவில். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவு அது. மக்கள்தொகை ஒரு லட்சம்கூட இல்லை. உலகத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதைகள் எத்தனையோ உண்டு. இத்தனை புகழும் இத்தனை பழியும் சேர்ந்த பாதை வேறு இல்லை.

தீவுக்கு இந்தப் பந்தயம் வந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். 1903-ல் பிரிட்டனில் மோட்டார் வாகனங்களுக்கு மணிக்கு 20 மைல் என்று வேக வரம்பு விதித்தார்கள். பந்தயத்துக்காகச் சாலையை மூடவும் அங்கே அனுமதி இல்லை. மேன் தீவுக்கோ சொந்தப் பார்லிமெண்ட் உண்டு. சாலையை மூடிப் பந்தயம் நடத்தலாம் என்று 1904-ல் அது சட்டம் செய்தது. பந்தயக்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள்.

முதல் "டூரிஸ்ட் டிராபி" பந்தயம் 1907 மே 28-ல் நடந்தது. சுருக்கமாக "டி.டி." என்பார்கள். ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியில் வந்த சார்லி காலியருக்கு வெற்றி. சராசரி வேகம் மணிக்கு 38 மைல்தான்! இரட்டைச் சிலிண்டர் பிரிவில் வென்றவர் ரெம் ஃபௌலர். அவர் ஓட்டியது நார்ட்டன். அந்த நார்ட்டன் கம்பெனியை 2020-ல் விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் நம்முடைய டி.வி.எஸ். மோட்டார்!

60 கிலோ மீட்டர் சுற்று

1911-ல் பந்தயத்தை மலைப்பாதைக்கு மாற்றினார்கள். அன்று அது சரளைக்கல் சாலை. ஆடு தாண்டாமல் இருக்க வழியில் கேட்டுகள்கூட இருந்தன. அதே ஆண்டு பயிற்சியின்போது விக்டர் சரிட்ஜ் என்ற வீரர் விழுந்து இறந்தார். அந்தப் பாதை வாங்கிய முதல் உயிர் அது.

ஒரு சுற்று 37.73 மைல், அதாவது 60 கிலோ மீட்டருக்குச் சற்று மேல். பெங்களூரில் புறப்பட்டு ஓசூரையும் தாண்டி, சூளகிரிப் பக்கம் போய்ச் சேருகிற தூரம். 2023-ல் பீட்டர் ஹிக்மேன் என்ற வீரர் அந்தத் தூரத்தை 16 நிமிடம் 36 வினாடியில் சுற்றிவந்தார். சராசரி வேகம் மணிக்கு 136.358 மைல். நம் ஊரில் அந்த நேரத்துக்குள் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டினாலே பெரிய காரியம்!

தலைநகரம் டக்ளஸில் புறப்பாடு. எதிர்ப்புறத்திலேயே ஊர் இடுகாடு. யார் எந்த நோக்கத்தில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ! புறப்பட்ட உடனே பிரே ஹில் என்ற இறக்கம், இருபுறமும் வீடுகள். பிறகு கிராமங்கள், கல் சுவர்கள், விளக்குக் கம்பங்கள். பல்லா என்ற ஊரில் கூன் விழுந்த ஒரு சிறு பாலம். அதன் மேல் ஏறியதும் இரண்டு சக்கரங்களும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். ராம்சே நகரைத் தாண்டினால் ஸ்னேஃபெல் மலை ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபடியும் டக்ளஸுக்கு இறங்க வேண்டும். கீழே வெயில் அடிக்கும்போது மேலே மூடுபனி இருக்கும். பனி கவிந்தால் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் பந்தயம் இல்லை.

வளைவுகள் மட்டும் 200-க்கு மேல். அத்தனையும் மனப்பாடம் ஆக வேண்டும். எந்த வீட்டு மூலையில் பிரேக், எந்த மரத்தருகே கியர் என்று புதியவர்கள் காரிலும் பஸ்ஸிலும் சுற்றிச் சுற்றிப் படிக்கிறார்கள். முழுதாகத் தெரிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆகும் என்பது பழைய வீரர்களின் கணக்கு. எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவதும் இல்லை. 10 வினாடிக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். போட்டி கடிகாரத்தோடு.

கம்பெனிகளை வளர்த்த தீவு

ஒரு காலத்தில் இங்கே ஜெயித்த வண்டிதான் உலகத்தில் விலைபோகும். ஜப்பானில் சிறு கம்பெனி நடத்திக்கொண்டிருந்த சொய்ச்சிரோ ஹோண்டா, மேன் தீவில் போட்டியிடப் போவதாக 1954-ல் அறிவித்தார். 1959-ல் வந்தார்கள், 125 சி.சி. பிரிவில் 6-வது இடம் கிடைத்தது. 1961-ல் மைக் ஹெயில்வுட் ஹோண்டாவில் 125, 250 இரண்டு பிரிவுகளிலும் வென்றார். அப்புறம் நடந்தது உலகம் அறிந்த கதை.

அகோஸ்டினி சொன்ன "போதும்"

1949-ல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியபோது, முதல் பந்தயமே இந்தத் தீவில்தான். அந்தக் காலத்தில் பல பாதைகள் இப்படித்தான் இருந்தன. பின்லாந்தின் இமாத்ரா பாதையில் குறுக்கே ரயில் தண்டவாளமே ஓடியது! ஹாலந்தின் ஆஸன் பந்தயமும் 1925-ல் ஊர்ச் சாலைகளில் பிறந்ததுதான். 1955-ல் அங்கே தனிப்பாதை போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் ஆஸன் இன்றும் உலகப் பட்டியலில் இருக்கிறது.

மேன் தீவு மாறவில்லை. 1972-ல் 125 சி.சி. பந்தயம் மழையில் நடந்தது. இத்தாலிய வீரர் கில்பர்ட்டோ பார்லோட்டி மலைமேல் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய நண்பர் ஜியாகொமோ அகோஸ்டினி அன்றைக்குப் பெரிய பந்தயத்தில் ஓட்டி வென்றார். அது தீவில் அவருக்குப் பத்தாவது வெற்றி. "இனி இங்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே போட்டியிட வரவில்லை. மற்றப் பெரிய வீரர்கள் சிலரும் ஒதுங்கினார்கள். 1976-ஓடு உலகச் சாம்பியன் அந்தஸ்து பறிபோனது. 1977-ல் பிரிட்டிஷ் பந்தயம் சில்வர்ஸ்டோனுக்குப் போய்விட்டது.

இன்று உலகச் சாம்பியன் போட்டி நடக்கும் பாதைகளில் விழுந்தவர் சறுக்கி நிற்க அகலமான சரளை மைதானம் உண்டு. காற்றடைத்த தடுப்புகள் உண்டு. 2003-ல் சுசூகா பாதையில் டைஜிரோ காட்டோ தடுப்பில் மோதி இறந்தார். அதன் பிறகு அந்தப் பந்தயம் சுசூகாவுக்குத் திரும்பவில்லை. 2023-ல் டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்த இந்தியப் பந்தயமும் இத்தகைய தனிப்பாதையில்தான்.

அந்தஸ்து போனால் டி.டி. செத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கூட்டம் குறையவில்லை. வீரர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஒரு குடும்பத்தின் கதை

வட அயர்லாந்தைச் சேர்ந்த ஜோயி டன்லப், சொந்த ஊரில் மதுக்கடை நடத்தியவர். பந்தயம் இல்லாத நாட்களில் வேன் நிறைய உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு, ருமேனியாவின் அனாதைக் குழந்தைகளுக்குத் தானே ஓட்டிச் சென்று கொடுத்தவர். தீவில் 26 வெற்றிகள். 2000-ல், 48 வயதில், மூன்று பந்தயங்களில் ஜெயித்தார். அடுத்த மாதமே எஸ்டோனியாவில் மழைப் பந்தயம் ஒன்றில் மரத்தில் மோதி இறந்தார்.

தம்பி ராபர்ட் 2008-ல் வட அயர்லாந்தில் பயிற்சியின்போது மாண்டார். இரண்டே நாளில் ராபர்ட்டின் மகன் மைக்கேல் அதே பாதையில் வண்டியேறி வென்றார். 2018-ல் மைக்கேலின் அண்ணன் வில்லியமும் பயிற்சியில் போனார். 2024-ல் பெரியப்பாவின் 26 வெற்றிகளை மைக்கேல் தாண்டினார். அந்த வீட்டுப் பெண்கள் என்ன மனநிலையில் வாசலில் நின்று வழியனுப்புவார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

1911 முதல் இந்தப் பாதையில் இறந்த வீரர்கள் 250-க்கு மேல். 2022 பந்தயம் மட்டும் 6 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் ஒரே சைடுகார் வண்டியில் ஓட்டிய தந்தையும் மகனும் உண்டு. நிறுத்துங்கள் என்று ஒவ்வொரு முறையும் குரல் எழும். "யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, தெரிந்தேதான் வருகிறோம்" என்பது வீரர்களின் பதில். தீவின் ஓட்டல்காரருக்கும் கடைக்காரருக்கும் அந்த இரண்டு வாரம்தான் அறுவடைக் காலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உயிர் போகும் கணக்கும் கல்லாப் பெட்டிக் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்படுவதுதான் உறுத்துகிறது.

பந்தயம் முடிந்ததும், சாலை திறந்தாயிற்று என்ற பலகையுடன் ஒரு கார் பாதை முழுவதும் சுற்றிவரும். அது கடந்த பிறகுதான் கயிறுகளை அவிழ்ப்பார்கள். கம்பங்களில் கட்டிய மெத்தைகள் அடுத்த பந்தயத்துக்காக அப்படியே இருக்கும். நின்றுபோன பஸ் மறுபடி கிளம்பும்.