உங்களுக்குத் தெரியுமா? பூச்சுக்கு உள்ளே இருக்கும் பாதுகாப்பு

வீடு பார்க்கப் போனால் டைல்ஸைத் தடவிப் பார்ப்போம், மாடுலர் கிச்சனைத் திறந்து மூடுவோம், பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று பார்ப்போம். நிலநடுக்கமும் புயலும் வெயிலும் சோதிப்பது வேறு இடங்களை. பூச்சு வேலை முடிந்ததும் கண்ணில் படாமல் போய்விடும் அந்த இடங்களைப் பற்றிச் சில துணுக்குகள்.

கொக்கி எந்தப் பக்கம்?
தூண் கம்பிகளைச் சுற்றி 'ரிங்' மாட்டுகிறார்களே, அதன் இரண்டு முனைகளையும் எப்படி மடக்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததுண்டா? பல இடங்களில் 90 டிகிரிக்கு மடக்கி, கட்டுக்கம்பியால் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு அடுத்த தூணுக்குப் போய்விடுவார்கள். நிலநடுக்கத்தில் தூண் ஆடும்போது முதலில் உதிர்வது வெளிப்பக்கக் கான்கிரீட். அது போனதும் 90 டிகிரி மடிப்பைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. ரிங் வாயைத் திறக்கும், நிற்கும் கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நொறுங்கும். அதனால்தான் ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தர விதி, முனைகளை 135 டிகிரிக்குத் தூணின் உட்பக்கம் பார்த்து மடக்கச் சொல்கிறது. மடக்கிய பிறகு நீளும் வால், கம்பி விட்டத்தைப்போல் 6 மடங்கு, எப்படியும் 65 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தூணும் பீமும் சேரும் இடத்தருகே ரிங்குகளின் இடைவெளி 100 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் செலவு? ரிங்குக்குக் கொஞ்சம் கம்பி, கம்பி கட்டுபவருக்குக் கொஞ்சம் நேரம். கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நாள் போய்ப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மறுநாள் போனால் யாராலும் முடியாது.

சென்னைக்கு வந்த பதவி உயர்வு
'நம்ம ஊரில் ஏது பூகம்பம்' என்பவர்களுக்கு: நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893 திருத்தப்பட்ட 2002-ல், சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. அதற்கு முன் கட்டிய அடுக்குமாடி என்றால், பழைய கணக்கில் நிற்கிறது என்று பொருள்.

கார் நிற்கும் மாடி
2001 ஜனவரி 26 அன்று குஜராத்தைக் குலுக்கிய நிலநடுக்கத்தின் மையம் கட்ச் பகுதியில், புஜ் நகருக்கு அருகே. ஆனால் 200 கி.மீ.-க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் ஓர் ஒற்றுமை: தரைத்தளத்தில் சுவரே கிடையாது, கார் நிறுத்த வெறும் தூண்கள் மட்டும். மேல்மாடிகள் செங்கல் சுவர்களால் விறைப்பாக நிற்க, ஆட்டம் மொத்தமும் கீழ்த் தூண்களின் தலையில் விடிகிறது. ஸ்டில்ட் பார்க்கிங் இல்லாத அடுக்குமாடி இன்று சென்னையில் அபூர்வம். அதற்காகக் காரைத் தெருவில் நிறுத்த வேண்டியதில்லை. தரைத்தளத்தில் ஆங்காங்கே 'ஷியர் வால்' எனப்படும் கான்கிரீட் சுவர் எழுப்பியோ, தூண்களை வலுவாக்கியோ வடிவமைக்க வழி இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "கீழே ஷியர் வால் இருக்கா சார்?"

ரப்பர் மேல் ஓர் ஆஸ்பத்திரி
அதே நிலநடுக்கத்தில் புஜ் அரசு மருத்துவமனையும் இடிந்தது. மருத்துவம் மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாளில் மருத்துவமனை இல்லை. அதே ஊரில் 2004-ல் திறந்த புதிய மருத்துவமனை, ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தரை வேகமாக ஆடும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும், நடுவிலுள்ள ஈயம் அதிர்வின் சக்தியை விழுங்கும், மேலே கட்டடம் நிதானமாக அசையும். இந்தத் தாங்கியை உருவாக்கியவர் நியூசிலாந்தின் பில் ராபின்சன். அதன் மேல் எழுந்த உலகின் முதல் கட்டடம் 1981-ல் வெலிங்டன் நகரில் முடிந்தது.

மூலையில்லாத வீடு
புஜ் அருகே பல கான்கிரீட் வீடுகள் சரிந்தபோது, மண்சுவரும் கூம்புக் கூரையும் கொண்ட 'புங்கா' என்ற வட்ட வீடுகள் பெரும்பாலும் தப்பின. சதுர வீட்டில் விரிசல் தொடங்குவது மூலையில். வட்ட வீட்டில் மூலையே இல்லை. கூரையும் லேசானது.

குறுக்கே ஒரு நீளக்கல்
1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். நிலநடுக்கம் ரிக்டரில் ஆறைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். கொன்றது சுவர். உருண்டைக் கற்களை மண் சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள், வெளிப்பக்கம் ஒன்றும் உட்பக்கம் ஒன்றுமாக இரண்டாகப் பிளந்து, வெயிலுக்காகப் போட்டிருந்த கனத்த மண்கூரையைத் தூங்கியவர்கள் மேல் இறக்கின. தீர்வு எளிது: சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக்கல். கல் சுவருக்கான விதிப்படி, ஒவ்வொரு 60 செ.மீ. உயரத்திலும், 1.2 மீட்டருக்கு ஒன்றாவது வைக்க வேண்டும். நீளக்கல் கிடைக்காத ஊரில் கான்கிரீட்டில் வார்த்து வைத்தாலும் போதும்.

தவணைக்கு ஒரு சோதனை
2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாள அரசு வீட்டை நேரடியாகக் கட்டித் தரவில்லை. கட்டிக்கொள்ள 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. மொத்தமாக அல்ல, மூன்று தவணையாக. முதல் தவணையில் அஸ்திவாரம் போட வேண்டும். பொறியாளர் வந்து பார்த்து, விதிப்படி இருக்கிறது என்று எழுதினால்தான் இரண்டாவது. சுவர் எழும்பிய பிறகு மறுபடி சோதனை, பிறகு மூன்றாவது. கூடவே கொத்தனார்களுக்குப் பயிற்சி. சொந்தக்காரர் நின்று கட்டும் இந்த முறையை முன்பே பெரிய அளவில் செய்து காட்டியது குஜராத்.

பாதி வீடு, முழு யோசனை
2010-ல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய சிலி நாட்டின் கான்ஸ்டிடூசியோன் நகரில், அலெஹாண்ட்ரோ அரவேனாவின் குழு வில்லா வெர்டே என்ற குடியிருப்பை அமைத்தது. ஒவ்வொன்றும் பாதி வீடு. சாதாரணக் குடும்பம் தானாகக் கட்டச் சிரமப்படும் அஸ்திவாரம், கூரை, குளியலறை, சமையலறை எல்லாம் தயார். மீதிப் பாதி வெற்றிடம். கையில் காசு வரும்போது குடும்பமே அடைத்துக்கொள்ளலாம். கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் 2016-ல் அரவேனாவுக்குக் கிடைத்தது.

வலை பின்ன ஒரு முற்றம்
2004 சுனாமியில் அழிந்த இலங்கையின் கிரிந்த கிராமம் மீனவ முஸ்லிம்கள் வாழும் ஊர். அங்கே ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கட்டிய வீடுகளுக்குச் சுவர், அழுத்திச் செய்த மண்கல். அறைத் தடுப்பு, ரப்பர் மரம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கூரை போட்ட முற்றம். சாப்பிடவும் ஆகும், வலையைப் பழுதுபார்க்கவும் ஆகும்.

105 விசிறிகள்
அமெரிக்காவின் தென் கரோலினாவில் வீட்டை இடிப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பணம் போட்டவர்கள் காப்பீட்டு நிறுவனங்கள். 2010-ல் 105 ராட்சத விசிறிகளுக்கு எதிரே, அசல் அளவில் இரண்டு வீடுகளை அருகருகே நிறுத்திப் புயலை ஏவினார்கள். ஒன்று சில நிமிடங்களில் சரிந்தது, மற்றது நின்றது. முக்கிய வித்தியாசம் இரும்புப் பட்டைகள்: கூரையைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் இழுத்துப் பிடித்தவை. புயல் கூரையை அமுக்குவதில்லை, மேலே தூக்குகிறது. ஆணி அந்த இழுப்புக்குத் தாங்காது.

நம் ஊர்க் காற்றுக் கணக்கு
காற்று விதியான ஐ.எஸ். 875-ன்படி, சென்னைக் கட்டடம் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தை, அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றை, அடிப்படையாக வைத்து வடிவமைக்கப்பட வேண்டும். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். கோவையில் தாங்கிய ஷீட் கூரை வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து சென்னையில் போட்டால் தாங்காது. ஓரங்களிலும் முகட்டிலும் கொக்கி போல்ட்டுகள் நெருக்கமாக வேண்டும். காற்று முதலில் உரிப்பது அங்கேதான்.

அழிந்த ஊர் பச்சையானது
2007 மே 4 இரவு, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பர்க் ஊரில் சூறாவளி ஏறத்தாழ 95 சதவீதத்தைத் துடைத்துவிட்டது. திரும்பக் கட்டும்போது ஊர் மன்றம் ஒரு முடிவு எடுத்தது: 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடம் எல்லாம் 'லீட் பிளாட்டினம்' தரத்தில், அதாவது பசுமைக் கட்டடச் சான்றிதழின் உச்சப் படியில், எழ வேண்டும். ஊரைத் தகர்த்த காற்றிலிருந்தே இப்போது மின்சாரம்: ஊருக்கு வெளியே 12.5 மெகாவாட் காற்றாலை.

வீட்டைத் தூக்கும் ஜாக்கி
தார் மேல் தார் போட்டுச் சாலை உயர, வீடு பள்ளமாகிறது. ஒரு மழைக்கே தண்ணீர் உள்ளே. சென்னையில் இதற்கென்றே ஒரு தொழில் வந்துவிட்டது. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, சுவருக்கு அடியில் வரிசையாகத் திருகு ஜாக்கிகளைப் பொருத்துவார்கள். ஒரு குரலுக்கு எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவு திருகுவார்கள். கொஞ்சம் உயர்ந்ததும் இடைவெளியில் செங்கல் அடுக்கிக் கட்டிவிட்டு, மறுபடி திருகல். இது நோய்க்கு மருந்து. நோய் வராமலிருக்க, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு உத்தரவிட்டது.

செங்கல் மிச்சம், வெயில் வெளியே
செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டினால், 9 அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் கிடைக்கும். 'எலிப்பொறிக் கட்டு' என்ற இந்த முறையைக் கேரளத்தில் பரப்பியவர் லாரி பேக்கர். செங்கல் கால் பங்கு மிச்சம். நடுவில் சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கும். பூசாமல் விட்டாலும் பார்க்க அழகு.

மொட்டை மாடியில் முப்பாட்டன் நுட்பம்
பழைய 'மெட்ராஸ் டெரஸ்' கூரையில் தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். நீர் கசியாது, அறை கொதிக்காது. இன்று எளிய வழி வெள்ளைப் பூச்சு. தெலங்கானா 2023-ல் 'குளிர் கூரை' கொள்கையே அறிவித்தது. அங்கே அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் எழும் வீடுகளுக்கும் அது கட்டாயம்.

பாதிக்குப் பாதி பந்தயம்
ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் ஒரே கட்டடத்தை இரண்டு சம பாதிகளாகக் கட்டியது. ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி. மறுபாதியில் கூரைக் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். ஒரே வெயில், ஒரே மாதிரி வேலை. குளிர்நீர்ப் பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தில் சமாளித்தது.

15 வாட் வரம்பு
வீடுகளுக்கென மத்திய அரசு 2018-ல் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. வெப்பமான பகுதிகளில் வெளிச்சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பம், சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த வீடு இதில் தேறுவது கடினம். நல்ல சன்ஷேடு வைத்தது எளிதாகத் தேறும். ஏ.சி.-யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பதும் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்குதான்.

பாதி கிளிங்கர் போதும்
சிமெண்ட் ஆலையில் கரியமில வாயு அதிகம் வெளியேறுவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு கிளிங்கர் ஆக்கும்போது. 'எல்சி3' சிமெண்டில் கிளிங்கர் பாதிதான். மீதி சுட்ட களிமண், சுடாத சுண்ணாம்புக்கல் தூள், சிறிது ஜிப்சம். கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையும். உருவாக்கிய கூட்டணியில் சென்னை ஐ.ஐ.டி.-க்கும் பங்கு உண்டு. 2023-ல் இந்தியத் தர விதியும் வந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றுவது சடங்கல்ல
கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் கட்டாயம், 14 நாள் நல்லது. தூணில் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள், தளத்தில் பாத்தி கட்டித் தேக்குங்கள்.

அந்த 5 ஆண்டுகள்
வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ன் ரெரா சட்டத்தின் 14-வது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். சிலி நாட்டில் கட்டமைப்புக் குறைக்குப் பொறுப்பு 10 ஆண்டு. நம் 5 ஆண்டு எப்போது தொடங்கியது என்று ஒப்படைப்புக் கடிதத்தில் பாருங்கள். விரிசல் தெரிந்தால் போனில் சொல்லி நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.