இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடும் பூனா

ஔந்திலிருந்தும் பாஷாணிலிருந்தும் சிவாஜிநகருக்கு பஸ் பிடிக்கும் நம்மவர்கள், தினமும் காலையில் பல்கலைக் கழகத்தின் பெரிய வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். ராணுவக் கணக்கு ஆபீஸில் கையெழுத்துப் போட நேரமாகிவிட்டதே என்ற கவலையில், அந்த மரங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க எவருக்கும் ஓய்வில்லை. புனே என்று பெயர் மாறிப் பல ஆண்டுகளான பிறகும் "பூனா" என்றே சொல்லிப் பழகிவிட்ட பழைய தலைமுறைத் தமிழர்களில்கூட, அந்த வளாகத்துக்குள் கால் வைத்தவர்கள் குறைவு.

உள்ளே இருப்பது "ஆயுகா" என்று ஊரார் அழைக்கும் வான ஆராய்ச்சி நிலையம். பல்கலைக் கழக மானியக் குழு 1988-ல் தொடங்கியது. அதைக் கட்டி வளர்த்தவர் கோலாப்பூரில் பிறந்த விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர். கட்டிடத்தை வரைந்தவர் சார்லஸ் கொரியா. நடு முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன் ஆகிய நால்வரும் சிலையாக இருக்கிறார்கள். இந்த அமைதியான முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒரே ஒரு கேள்வி பல உருவங்களில் கேட்கப்பட்டு வருகிறது. பெரிய இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் சின்னஞ்சிறு செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவி வருமுன் கணக்கு

ஐன்ஸ்டீன் 1916-ல் ஒன்று சொன்னார். மிகப் பெரிய எடையுள்ள பொருள்கள் வேகமாகச் சுழன்றால் வெளியே அலைகள் கிளம்பும். குளத்தில் கல் விழுந்ததுபோல அந்த அலைகள் எங்கும் பரவும். ஈர்ப்பலைகள் என்று இவற்றுக்குப் பெயர். ஆனால் அவை பூமிக்கு வந்து சேரும்போது மிக மிக மெலிந்து போயிருக்கும். இதை அளந்துவிட முடியுமா என்று ஐன்ஸ்டீனுக்கே சந்தேகம் இருந்தது.

அளக்கும் வழியைக் காட்டியது லேசர். ஒரே லேசர் கதிரை இரண்டாகப் பிளந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்களில் அனுப்புகிறார்கள். குழாய்களில் காற்று கிடையாது. கோடியில் தொங்கும் கண்ணாடிகளில் பட்டு இரண்டும் திரும்பி வந்து சேர்கின்றன. அணிவகுப்பில் இரண்டு சிப்பாய்கள் ஒரே காலை எடுத்து வைத்துப் புறப்பட்டு, சம தூரம் போய்த் திரும்பினால் கால் மாறாது அல்லவா? ஒருவன் பாதை இம்மி நீண்டாலும் கால் தவறும். லேசர் ஒளியிலும் அப்படித்தான். ஈர்ப்பலை கடந்து போகும்போது ஒரு குழாய் நீளும், மற்றது குறுகும். ஒளியின் "கால்" தவறும். அந்த நீட்சி எவ்வளவு? அணுவின் உள்ளே இருக்கும் புரோட்டானின் குறுக்களவில் நூற்றில் ஒரு பங்கைவிடவும் குறைவு!

இவ்வளவு நுண்மையாக அளக்கப் போனால் வேண்டாத எல்லாமும் சேர்ந்து கேட்கும். எங்கோ நடக்கும் பூகம்பம், கரையில் மோதும் கடலலை, ஓடும் லாரி, கண்ணாடியின் அணுக்களே நடுங்கும் நடுக்கம் எல்லாம் பதிவாகும். அமெரிக்காவில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் உள்ள நிலையத்துக்குப் பக்கத்துக் காட்டில் மரம் வெட்டினாலும் கருவி அதிரும். இந்தச் சந்தடிக்குள் வானத்துச் செய்தி எது என்று எப்படித் தெரியும்?

பாங்கில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செக் வந்தால் குமாஸ்தா என்ன செய்கிறார்? கணக்குத் தொடங்கிய நாளில் வாங்கி வைத்த மாதிரிக் கையெழுத்தை எடுத்து ஒப்பிடுகிறார். மை மங்கியிருக்கலாம், முத்திரை மேலே விழுந்திருக்கலாம். மாதிரி கையில் இருப்பதால் உண்மைக் கையெழுத்து எது என்று கண் பிடித்துவிடுகிறது. ஈர்ப்பலைக்கும் இதே வழிதான். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதினால் அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு மாதிரிகள் தயாரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதிரியையும் பதிவின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஆனால் மோதும் நட்சத்திரங்களின் எடை எவ்வளவு என்பது முன்னதாகத் தெரியாதே! எடைக்கு ஒரு மாதிரி என்றால் எத்தனை மாதிரிகள் வைத்துக்கொள்வது? மிகக் குறைவாக வைத்தால் செய்தி தப்பிவிடும்; அளவுக்கு மீறினால் கம்ப்யூட்டர் தாங்காது.

இந்தக் கேள்விக்கு வழிவகுத்த முக்கியமான வேலை நடந்தது பூனாவில்தான். ஆயுகாவில் சஞ்சீவ் துரந்தரும் பி. எஸ். சத்யபிரகாஷும் சேர்ந்து, மாதிரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று காட்டும் கட்டுரையை 1991-ல் வெளியிட்டார்கள். அப்போது அமெரிக்காவின் பெரிய லேசர் நிலையங்களுக்குக் கட்டிட வேலைகூட ஆரம்பமாகவில்லை. அது 1994-ல்தான் தொடங்கியது. பிடிக்கும் கருவி உலகில் எங்கும் இல்லாதபோது, பிடிபட்டால் எப்படி அடையாளம் காண்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அன்று சிலர் சிரித்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

2015 செப்டம்பர் 14 அன்று அலை வந்தது. லிவிங்ஸ்டனிலும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஹான்ஃபோர்டிலும் 7 மில்லி விநாடி வித்தியாசத்தில் ஒரே மாதிரியான துடிப்பு பதிவாயிற்று. சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரண்டு கருந்துளைகள், 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் மோதி ஒன்றாகிவிட்ட செய்தி அது. நியாயமாகச் சொன்னால், முதலில் மணியடித்தது மாதிரிகளை நம்பாத இன்னொரு தேடல் முறை. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது சுமார் 2,50,000 மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனை. அதே ஆண்டு டிசம்பர் 26-ல் வந்த அடுத்த அலையோ மிக மெலிந்தது. பதிவை வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மாதிரிகள் இல்லாவிட்டால் அது வந்ததே உலகத்துக்குத் தெரியாமல் போயிருக்கும்!

2017-ல் இதற்கான நோபல் பரிசு மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. முதல் அலையைப் பற்றிய கட்டுரையில் ஆயுகா, சென்னை கணிதவியல் கழகம் உள்ளிட்ட இந்திய நிலையங்களைச் சேர்ந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன.

ஹிங்கோலியில் காத்திருக்கும் நிலம்

அலை வந்தது என்று தெரிந்துகொண்டால் போதுமா? எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா? 2015-ல் இரண்டே நிலையங்கள் இருந்ததால், வானத்தில் முழு நிலவைப்போல் மூவாயிரம் நிலவுகள் அடங்கும் பரப்பில் எங்கோ என்றுதான் சொல்ல முடிந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இத்தாலி நிலையமும் சேர்ந்துகொண்டது. தேட வேண்டிய பரப்பு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பதினொரு மணி நேரத்துக்குள், 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய இடத்தை டெலஸ்கோப்புகள் கண்டுபிடித்துவிட்டன.

அந்த நிலையங்களிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு நிலையம் இருந்தால் இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும். அதற்குத்தான் இந்தியா. மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் ஔண்டா நாகநாத் கோயிலுக்கு அருகே இடம் தேர்வாயிற்று. இடத்தைத் தேடுவது, விஞ்ஞானிகளைத் தயார் செய்வது, பதிவுகளை ஆராய்வது ஆகிய பொறுப்புகளில் ஆயுகாவுக்குப் பெரும் பங்கு. லேசர் வேலை இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்துக்கு, காற்றில்லாக் குழாய் வேலை காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்துக்கு.

ஆனால் கணக்கு வேகமாக ஓடிய அளவுக்கு ஃபைல் ஓடவில்லை. யோசனை எழுந்தது 2011-ல். அலை பிடிபட்டதாக உலகத்துக்கு அறிவித்த ஒரே வாரத்தில், 2016 பிப்ரவரி 17 அன்று, மத்திய மந்திரிசபை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. முழு ஒப்புதலும் 2,600 கோடி ரூபாயும் கிடைத்தது 2023 ஏப்ரலில்! நடுவே ஏழு ஆண்டுகள் போயின. இந்தியாவுக்கென்று அமெரிக்கர் ஒதுக்கி வைத்த கருவிப் பாகங்கள் அத்தனை காலமும் அங்கே பெட்டிகளில் காத்திருந்தன. 2030-ஆம் ஆண்டளவில் நிலையம் இயங்க வேண்டும் என்பது 2023-ல் வைத்த கெடு. மாதிரிகளுக்கு வழி சொன்ன துரந்தர் பணி ஓய்வும் பெற்றுவிட்டார். கருவி வருமுன்னே கணக்கை முடித்தவர்களின் நாட்டில், கணக்கு முடிந்த பிறகும் கருவி வராமல் இருப்பது வேடிக்கைதான்.

ஊட்டி வழியாக நாராயண்காவ்

2017-ல் நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய இடத்தைத் தொடர்ந்து கவனித்தவற்றில் பூனாக்காரர்களின் கருவி ஒன்றும் உண்டு. பூனாவிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் பக்கத்தில் கோடத் கிராமத்தில் நிற்கும் பெரிய ரேடியோ டெலஸ்கோப் அது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள், சுமார் 25 கிலோமீட்டருக்குப் பரவியிருக்கின்றன. நாசிக் பஸ்ஸில் போகிறவர்கள் தூரத்தில் பார்த்திருக்கக்கூடும்.

இதற்கு மூத்த அண்ணன் நம் ஊட்டியில் இருக்கிறது. இரண்டையும் அமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப். 1965-ல் கல்யாணில் சிறிய கிண்ணங்களோடு தொடங்கியவர், 1970-ல் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட டெலஸ்கோப்பை எழுப்பினார். ஏன் ஊட்டி? பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி தள்ளியிருக்கும் அந்த இடத்தில், தெற்கு வடக்காக அதே 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவு ஒன்று கிடைத்தது. சரிவிலேயே படுக்க வைத்தால் டெலஸ்கோப்பின் அச்சும் பூமியின் அச்சும் இணையாக அமைந்துவிடும். ஒரே ஒரு திசையில் திருப்பினால் போதும், நட்சத்திரத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். மலையையே கருவியின் ஓர் உறுப்பாக்கிய சாமர்த்தியம் அது! ஸ்வரூப் 2020-ல் பூனாவில் காலமானார். ஊட்டி டெலஸ்கோப்பை நிர்வகிப்பதும் ஆயுகாவுக்கு அடுத்த வளாகத்தில் உள்ள தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையம்தான்.

படத்துக்குள் தானே தேடும் கருவி

தேடும் வேலையைக் கருவியிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன? அதையும் ஆயுகா செய்திருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா விண்கலம் சூரியனை ஆராயப் புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பள்ளிப் படிப்பும் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பட்டப் படிப்பும் முடித்தவர். 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் மறையாமல் எப்போதும் தெரியும் இடத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள "சூட்" என்ற டெலஸ்கோப்பை உருவாக்கியது ஆயுகா. துர்கேஷ் திரிபாதி, ஏ. என். ராமபிரகாஷ் இருவரும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில், 11 வடிகட்டிகள் மூலம் சூரியனின் முழு முகத்தையும் அது படமெடுக்கிறது. இந்த ஒளியில் பெரும் பகுதியைக் காற்று மண்டலத்தின் ஓசோன் தடுத்துவிடுவதால், தரையிலிருந்து எடுக்க முடியாத படங்கள் இவை.

சூரியனில் திடீரென்று வெடிப்பு நேர்ந்தால் அதன் பாதிப்பு பூமிக்கும் வரும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தது சூரியப் புயலால்தான். வெடிப்பு தொடங்கும் சில நிமிஷங்களைப் பிடிக்க வேண்டும். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து எல்லாப் படங்களையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, எக்ஸ் கதிர் கருவி வெடிப்பு என்று சைகை செய்தவுடன், "சூட்" தானே முழுப் படத்தில் பிரகாசமான இடத்தைத் தேடிப் பிடித்து, அந்தத் துண்டை மட்டும் அடுத்தடுத்துப் படமெடுக்கும்படி ஏற்பாடு. 2024 பிப்ரவரி 22 அன்று எழுந்த மிகக் கடுமையான வெடிப்பை அது இந்த ஒளியில் படம் பிடித்துத் தந்தது.

இந்த வேலைகளையெல்லாம் படித்த சிலருக்கு மட்டும் என்று நார்லிகர் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடமாட்டாராம். ஒரு தபால் கார்டில் கேள்வி ஒன்று எழுதி அனுப்பச் சொல்வார். பதிலும் கையெழுத்தும் சேர்ந்தே வீடு வந்து சேரும். 2025 மே 20 அன்று அவர் காலமானபோது, அப்படி வந்த பதில்களைப் பத்திரமாக வைத்திருந்த பலர் அவற்றை நினைவுகூர்ந்தார்கள்.

ஆயுகா தன் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பது பிப்ரவரி 28, தேசிய விஞ்ஞான தினத்தையொட்டி. கட்கி, ராஸ்தா பேட்டை, தேஹு ரோடு வீடுகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போக ஒரு பஸ் டிக்கெட் போதும். அந்தத் தேதிக்குக் காரணமானவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன்; 1928-ல் அந்த நாளில்தான் அவருடைய கண்டுபிடிப்பு வெளியாயிற்று. அவரும் ஒரு காலத்தில் கணக்கு இலாகா உத்தியோகஸ்தர். 1907-ல் கல்கத்தா அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து பத்தாண்டு அந்த இலாகாவில் இருந்தபோது, காலையில் ஆபீஸுக்கு முன்பும், மாலையில் ஆபீஸ் விட்ட பிறகும், பௌபஜார் தெருவில் இருந்த சோதனைச் சாலைக்குப் போய் வந்தவர்.