பனிக்காலத்தில் வேட்டை நாய்க்கு ஏற்ற மேற்சட்டை

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் நாயினங்கள் தமிழ்நாட்டின் வேட்டை நாய்களெனப் பெயர் பெற்றவை. இவை யாவும் வெப்பம் மிகுந்த தென் மாவட்டங்களைச் சேர்ந்தவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டபின், மான், காட்டுப்பன்றி முதலியவற்றின்மேல் நாயை ஏவுவது குற்றமாயிற்று. ஆகையால் இந்நாய்கள் இப்பொழுது வீட்டுக் காவலுக்கும் தோட்டக் காவலுக்குமே வளர்க்கப்படுகின்றன. நீலகிரியிலும் பழனிமலையிலும் உருளைக்கிழங்கு, காரட், கோசு பயிரிடும் தோட்டக்காரர்களும் இவற்றைக் கொண்டுபோய் வளர்ப்பதுண்டு. வெயிலுக்கென்று அமைந்த பிராணியை உறைபனியில் நிறுத்தும்போது அதன் சரீரத்திற்கு என்ன நேருகிறது என்பதை அறிந்தாலன்றி, அதற்குத் தக்க சட்டையைத் தெரிந்தெடுத்தல் இயலாது.

குளிர் தாக்கும் விதம்

நல்ல நிலையிலுள்ள நாயின் தேக உஷ்ணம் 38.3 முதல் 39.2 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும். அது 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம் தொடங்குகிறது. குளிர்நாட்டு நாய்களுக்கு நீண்ட மேல்மயிரும், அதன் அடியில் அடர்ந்த மென்மயிரும் உண்டு. அவ்விரண்டுக்கும் இடையே தங்கும் காற்றே உஷ்ணத்தைக் காக்கிறது. நம் வேட்டை நாய்களுக்கோ மயிர் குட்டையானது, தோல் மெல்லியது. அவற்றுள்ளும் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. அவற்றின் தேகத்தில் கொழுப்பு மிகக் குறைவு, கால்கள் நீண்டவை, வயிறு ஒட்டியது. இவ்வமைப்பு வெயிலில் உஷ்ணத்தை விரைவாக வெளிவிடுவதற்கு உதவுகிறது. அதே அமைப்பு பனியில் கேடாக முடிகிறது.

உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவுகளில் அங்கே உஷ்ணம் உறைநிலையை நெருங்கும். தாழ்ந்த வெளிகளில் அதற்குக் கீழேயும் செல்லும். விடியற்காலையில் புல்லின்மேல் படியும் பனி, நடக்கும் நாயின் வயிற்றையும் மார்பையும் நனைக்கிறது. உலர்ந்த நாய் தாங்கும் குளிரை நனைந்த நாய் தாங்காது. நீர், காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கவர்ந்துவிடும் என்பதே இதன் காரணம்.

சட்டையின் வேலை

சட்டை உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. நாயின் தேகத்தில் உண்டாகும் உஷ்ணம் வெளியே போகாமல் தடுப்பது ஒன்றே அதன் வேலை. ஆகவே நாய் அசைவின்றிக் காவலிருக்கும்போதும், உறங்கும்போதும், மெதுவாக நடக்கும்போதும் சட்டை நன்மை தரும். ஓடும்போது தசைகளில் உஷ்ணம் மிகுதியாக உண்டாகிறது. மனிதரைப்போல் நாய்க்குத் தேகமெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும். அப்போது தடித்த சட்டை மேலிருந்தால், குளிருக்கு அஞ்சி அணிவித்ததே வெப்ப நோய்க்குக் காரணமாகிவிடும்.

துணியைத் தெரிந்தெடுத்தல்

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குச் செல்லும் நாய்களுக்கு நியோப்பிரீன் என்னும் செயற்கை ரப்பரினாலான சட்டை அணிவிப்பது வழக்கம். இந்த ரப்பர் 1930-ஆம் ஆண்டில் அந்நாட்டு டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்பட்டது. அதனுள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள் உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்துவதுடன், நாய் நீரில் மிதப்பதற்கும் துணை செய்கின்றன. பனிக்கட்டிபோல் குளிர்ந்த நீரில் பாய்ந்து பறவையை எடுத்துவந்து, பின்பு நனைந்தபடியே கரையில் காத்திருக்கும் நாய்க்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் அது ஈரத்தை உள்ளிருந்து வெளியே விடாது. நிலத்தில் நடந்தும் ஓடியும் காவல் செய்யும் நாய்க்கு அது புழுக்கத்தையும் தோல் புண்ணையும் உண்டாக்கக்கூடும். விலை மிகுந்தது என்பதனாலேயே ஒரு பொருள் எல்லா இடத்திற்கும் பொருந்திவிடாது.

மலைத்தோட்டக் காவலுக்கு இருமடிச் சட்டையே உசிதம். உள்மடி மென்மையான கம்பளியாகவோ, பிளீஸ் என்னும் செயற்கைக் கம்பளியாகவோ இருக்கலாம். முரட்டுக் கம்பளி குட்டைமயிர் நாயின் தோலை உறுத்தும். வெளிமடி நீர் ஒட்டாத நைலான் துணியாக இருத்தல் வேண்டும். அது பனியையும் காற்றையும் தடுப்பதுடன், உண்ணிச்செடியின் முள்ளும் எளிதில் கிழிக்காதபடி உறுதியாகவும் இருக்கவேண்டும். பஞ்சு வைத்துத் தைத்த சட்டையை விலக்குவதே நலம். பஞ்சு நனைந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், விரைவில் உலராது. ஈரச்சட்டை அணிந்த நாயின் நிலை, சட்டையே இல்லாத நாயின் நிலையைவிடக் கேடானது.

அளவும் தையலும்

கடைகளில் விற்கும் சட்டைகளிற் பல, லாப்ரடார் போன்ற பருத்த நாய்களின் அளவுக்குத் தைக்கப்பட்டவை. நம் வேட்டை நாய்க்கு மார்பு ஆழ்ந்தும் இடை சிறுத்தும் இருப்பதால், அச்சட்டை மார்பில் இறுகும், இடையில் தொங்கும். தொங்கும் இடத்தில் காற்று நுழைவதால் சட்டை பயனற்றதாகும். ஆகையால் உள்ளூர்த் தையற்காரரைக் கொண்டு அளவெடுத்துத் தைப்பதே சிறந்தது.

எடுக்கவேண்டிய அளவுகள் நான்கு: கழுத்தின் சுற்றளவு, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவு, இடையின் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகின் நீளம். நாய் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கும்போதே அளவெடுக்கவேண்டும். தைத்தபின் சட்டைக்கும் தேகத்திற்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவு இடமிருப்பது போதுமானது. முன்னங்கால் துளைகளை அகலமாக வெட்டி, ஓரங்களை மெல்லிய துணியால் மடித்துத் தைக்கவேண்டும். உராய்வினால் புண் உண்டாவது பெரும்பாலும் அவ்விடத்திலேதான். மார்பை முழுதும் மூடவேண்டும். ஆண் நாயாயின் அடிவயிற்றுப் பாகத்தைக் குட்டையாக விடாவிட்டால் சிறுநீரால் சட்டை நனையும். முள்கம்பியிலோ புதரிலோ மாட்டிக்கொண்டால் இழுத்தவுடன் பிரியும்படி, இறுக முடிச்சிடாமல் ஒட்டுப்பட்டை வைத்துத் தைப்பது உயிரைக் காக்கும்.

முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் அணிவித்துப் பழக்கவேண்டும். நாள்தோறும் சட்டையைக் கழற்றி உலர்த்தி, அக்குள், மார்பு ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்துள்ளதா, உண்ணி பற்றியுள்ளதா என்று பார்ப்பது அவசியம். வெயிலேறியதும் கழற்றிவிடவேண்டும்.

சட்டையால் ஆகாதவை

சட்டை இருக்கிறதென்று நாயை வெட்டவெளியில் கட்டிவிடுதல் தவறு. காற்றுக்கு மறைவான கொட்டிலும், ஈரத்தரையினின்று உயர்த்திய பலகையும், அதன்மேல் உலர்ந்த வைக்கோலும் முதலில் தேவை. குளிர்காலத்தில் உணவையும் சற்றுக் கூட்டவேண்டும். மேலும், மலைத்தோட்டங்களில் சிறுத்தை வந்து நாயைக் கவர்ந்து செல்வதுண்டு. எந்தச் சட்டையும் அதைத் தடுக்காது. இரவில் நாயைக் கதவுள்ள கொட்டிலில் அடைத்து வைப்பதே காப்பு. சமவெளியில் வளரும் நாய்க்கு மார்கழியிலும் பெரும்பாலும் சட்டை தேவைப்படாது. உலர்ந்த சாக்குப்படுக்கை போதும். ஆயினும் குட்டிகள், கிழநாய்கள், நோயுற்றவை ஆகியவற்றின்மீது தனிக் கவனம் வேண்டும்.

நாய் நடுங்குவது குளிரின் முதற்குறி. தேகம் சில்லிட்டிருக்கையில் நடுக்கம் நின்று, நாய் சோர்ந்து தள்ளாடுமாயின், அதைக் குணமென்று எண்ணுதல் கூடாது. அது மிகுந்த அபாயக் குறி. உடனே ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த கம்பளியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்து, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். நெருப்பின் அருகே கிடத்துவதும், சாராயம் புகட்டுவதும் கேடு விளைப்பவை.

சுருங்கக்கூறின், சட்டையின் தடிப்பைவிட அதன் அளவு முக்கியம். அளவைவிட அது உலர்ந்திருப்பது முக்கியம். அதைத் தக்க வேளையில் அணிவித்துத் தக்க வேளையில் கழற்றுவது எல்லாவற்றிலும் முக்கியம். இரவெல்லாம் தோட்டத்திற்காக விழித்திருக்கும் பிராணிக்கு வளர்ப்பவர் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்வது கடமையே.