‘எக்ஸொடோஸ்’ – மரணமா, பயணமா?

திருமறையின் இரண்டாம் நூலை யாத்திராகமம் என்கிறோம். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலர், மோசேயின் தலைமையில் புறப்பட்டு வந்த வரலாறு அது. எபிரெய மொழியில் அதற்குப் பெயர் ‘ஷெமோத்’, அதாவது ‘பெயர்கள்’. நூலின் தொடக்கச் சொற்களிலிருந்து எடுத்துச் சூட்டியது, அவ்வளவுதான். கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்நூலுக்கு அமைந்த பெயர்தான் ‘எக்ஸொடோஸ்’.

‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘ஹொடோஸ்’ என்றால் வழி, சாலை, பயணம். சேர்த்துப் படித்தால், ஓர் இடத்தை விட்டு வெளியேறிச் செல்லும் பயணம். இச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் ஊர்க் கட்டடங்களில் ‘கெலுவார்’ என்று பலகை தொங்குமே, ஏதென்ஸ் நகரில் அந்த இடத்தில் தொங்குவது இதுதான். முற்றுகையிடப்பட்ட கோட்டையிலிருந்து வீரர்கள் வெளியே பாய்வதையும் பழங்கிரேக்கர் இப்படியே அழைத்தனர்.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது. எபிரெயர் 11:22இல் சிக்கல் இல்லை. யோசேப்பு சாகும் தறுவாயில், இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படப் போவதைச் சொல்கிறார். லூக்கா 9:31தான் நம்மை நிறுத்திவைக்கிறது.

மலைமேல் இயேசுவின் தோற்றம் மாறுகிறது. மோசேயும் எலியாவும் தோன்றி அவரோடு பேசுகிறார்கள். எதைப் பற்றி? எருசலேமில் அவர் நிறைவேற்றப் போகும் ‘எக்ஸொடோஸ்’ பற்றி. நமக்குப் பழகிய தமிழ் வேதாகமம் இதை ‘மரணம்’ என்றே சொல்லிவிடுகிறது. தவறு என்று சொல்ல முடியாது. கிரேக்கர் சாவை இடக்கரடக்கலாக இப்படிச் சொல்வதுண்டு. ‘சாலமோனின் ஞானம்’ என்னும் நூலிலும் (3:2) அவ்வழக்கு உள்ளது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேசுகிறவர் யார்? ஒரு மக்கள் கூட்டத்தையே அடிமை நாட்டிலிருந்து வெளியே நடத்தி வந்த மோசே! அவர் வாயில் இச்சொல் வரும்போது, கேட்கிறவர் காதில் செங்கடலும் ஒலிக்காதா? தவிரவும், மரணம் வந்து சேர்வது. ‘நிறைவேற்றுவது’ என்றால் மேற்கொண்ட ஒரு காரியத்தை முடித்துவைப்பது. ‘மரணம்’ என்று படிக்கும் வாசகருக்கு முடிவு மட்டுமே தெரிகிறது, விடுதலை தெரிவதில்லை. என்னைக் கேட்டால், இது சிறிய இழப்பு அல்ல. இதே அதிகாரத்தின் 51ஆம் வசனத்தில்தான் இயேசு எருசலேமை நோக்கிப் புறப்படத் தீர்மானிக்கிறார். அந்த நெடும்பயணம் 19ஆம் அதிகாரம்வரை நீள்கிறது.

இத்தனைக்கும் தமிழில் பொருத்தமான சொல் இல்லாமல் இல்லை. ‘இறத்தல்’ என்பதன் பழம்பொருள் கடந்து செல்லுதல். கடந்துபோன காலத்தை இறந்த காலம் என்கிறோமே, அந்த ‘இற’தான். ‘இறப்பு’ என்று எழுதினால் பயணத்தின் சாயல் கொஞ்சமாவது மிஞ்சும். இறுதி யாத்திரை என்ற வழக்கும் நம்மிடம் இருக்கவே இருக்கிறது.

மூன்றாவது இடம் 2 பேதுரு 1:15. தம் சாவுக்குப் பின்னும் மக்கள் தாம் சொன்னவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அக்கடிதம் பேசுகிறது. அங்கும் ‘எக்ஸொடோஸ்’தான். அதற்கு முந்திய வசனத்தில் உடலுக்குச் சொல்லப்படும் உவமை கூடாரம். வீட்டை யாரும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதில்லை. கூடாரத்தைத்தான் அப்படிச் செய்வார்கள்.