110 டிகிரியில் ஒரு கார்டு

கோடை விடுமுறையில் கடையிலும் களஞ்சியத்திலும் நின்று உழைத்த காசில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது நம் சபை வாலிபர் பலருக்குத் தெரிந்த விஷயம். கொஞ்சம் நல்ல கார்டு என்றால் இன்று 600, 700 யூரோ போகிறது. பெரியது ஆயிரத்தைத் தாண்டும். அப்படி வாங்கியது மூன்றாம் மாதம் திரையைக் கறுப்பாக்கி, விசிறி இரைந்து, நின்றுவிட்டால் என்ன செய்வது? நம் வீடுகளில் வரும் முதல் பதில் இது: "விடு தம்பி, இவங்களோட எங்களுக்கு ஏன் பிரச்சினை?" வந்த நாட்டில் தலை குனிந்து, சத்தமில்லாமல் வாழப் பழகிய பெற்றோரின் பதில் அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பழுதான பொருளைத் திருத்தித் தரும்படி கடையைக் கேட்பது ஜெர்மனியில் பிரச்சினை பண்ணுவது ஆகாது. வாங்கும்போதே நீங்கள் விலை கொடுத்துப் பெற்ற உரிமை அது.

முதலில், கார்டு உண்மையில் பழுதா, வெறும் சூடா என்று பாருங்கள். மியூனிக்கில் ஓகஸ்ட் மாதத்தில் கூரைக்குக் கீழே உள்ள அறையில் கணினி வைத்திருப்பவருக்கும், குளிர்காலத்தில் ஹைட்சுங் பக்கத்தில் பெட்டியை ஒட்டி வைத்திருப்பவருக்கும் கார்டு சூடாகத்தான் செய்யும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி விட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் குறை காற்றோட்டத்தில். தூசி தட்டி, பெட்டிக்கு ஒரு விசிறி போட்டால் முடிந்தது. அது கடைக்குப் போகும் விஷயமே இல்லை.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருட்கள் பொதுவாக இரண்டு வெப்ப எண்களைக் காட்டும். ஒன்று சில்லின் பொதுவான வெப்பம். மற்றது ஹொட்ஸ்பொட், அதாவது சில்லில் அந்த நேரத்தில் மிகச் சூடான புள்ளி. இரண்டுக்கும் இடையில் 15, 20 டிகிரி இருப்பது சாதாரணம். சில் 65-இல் நிற்க ஹொட்ஸ்பொட் 110-ஐத் தொட்டால், சில்லில் இருந்து வெப்பத்தை எடுத்துப் போகும் வழியில் எங்கோ அடைப்பு.

2022 டிசம்பரில் நடந்தது இதுதான். டிசம்பர் 13 அன்று ஏஎம்டி நிறுவனம் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டை 999 டொலர் விலையில் விற்பனைக்கு விட்டது. சில நாட்களிலேயே, ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பில் வந்த கார்டுகளில் சிலவற்றின் ஹொட்ஸ்பொட் 110 டிகிரிக்குப் போவதாகவும், கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பதாகவும் பலர் முறையிட்டார்கள். 110 இந்தக் கார்டுக்கு அனுமதித்த எல்லைக்குள்தான் என்று சொல்லி, திருப்பி எடுக்க மறுத்த பதிலும் ஆரம்பத்தில் சிலருக்கு வந்தது.

அங்கே நுழைந்தவர் 'டெர் பவர்' என்று அறியப்படும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங். முறையிட்டவர்களின் கார்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாக அளந்தார். அதே கார்டைப் படுக்க வைத்தும் நிமிர்த்தி வைத்தும் ஓட்டினார். வைக்கும் நிலை மாற, வெப்பமும் மாறியது. பசை சரியாகப் பூசாததோ, திருகு தளர்ந்ததோ காரணமாக இருந்தால் நிலையை மாற்றுவதால் இவ்வளவு வித்தியாசம் வராது. ஆகவே கோளாறு குளிர்விப்பானின் உள்ளே இருக்கும் 'வேப்பர் சேம்பர்' என்ற செம்புத் தட்டில்தான் என்றார்.

அந்தத் தட்டைப் புரிந்துகொள்ள இடியப்பப் பானையை நினைத்தால் போதும். மூடிய செம்புக் கூட்டுக்குள் மிகக் கொஞ்சம் தண்ணீர். கூட்டுக்குள் காற்றை உறிஞ்சி எடுத்திருப்பதால் அது குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். சில்லின் மேலே கொதித்து, ஆவியாகி, குளிர்ந்த பக்கத்துக்குப் போய், அங்கே மறுபடி தண்ணீராகி, திரி போன்ற உட்பூச்சு வழியாகத் திரும்பி வரும். தண்ணீர் போதாவிட்டால் சில்லுக்கு மேலே உள்ள இடம் வற்றிவிடும். வற்றிய பானைக்குக் கீழே நெருப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேளுங்கள்.

2023 ஜனவரியில் ஏஎம்டி ஒத்துக்கொண்டது. ஒரு தொகுதி வேப்பர் சேம்பர்களில் தண்ணீர் போதுமான அளவு இல்லை, பாதிக்கப்பட்ட கார்டுகளை மாற்றித் தருகிறோம் என்றது. அந்தப் பதிலை வரவழைத்தது, படுக்கையில் இத்தனை டிகிரி, நிமிர்த்தினால் இத்தனை டிகிரி என்று எழுதி வைத்த எண்கள்தான். கோபமாக எழுதிய பதிவுகள் எத்தனையோ இருந்தன. அவற்றால் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லாப் பழுதும் சூட்டில் தெரியாது. 2025 பெப்ரவரியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுகள் சிலவற்றில் 176 இருக்க வேண்டிய 'ரொப்' அலகுகள் 168-தான் இருந்தன. பாதிக்கப்பட்டவை அரை சதவீதம், வேகக் குறைவு சராசரியாக 4 சதவீதம் என்று நிறுவனமே சொல்லி, தயாரிப்பாளரிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஜிபியு-இசட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது. புதுக் கார்டு வந்த முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் செலவழித்து, காட்டும் எண்கள் பெட்டியில் எழுதியதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

இனிச் சட்டம். இங்கே இரண்டு சொற்களை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், கடையில் நிற்பவர்களும் சேர்த்து. 'கரன்ட்டீ' என்பது தயாரிப்பாளர் தானாக விரும்பிக் கொடுக்கும் வாக்கு. எத்தனை வருடம், என்ன நிபந்தனை என்பதெல்லாம் அவர் விருப்பம். 'கெவேர்லைஸ்டுங்' என்பது சட்டம் கடைக்காரர் மேல் வைத்த கடமை. புதுப் பொருளுக்கு இரண்டு வருடம். "தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கடை சொன்னால் அது சரியில்லை. உங்கள் ஒப்பந்தம் கடையோடு. 2022 ஜனவரி 1-இலிருந்து வாங்கிய பொருட்களுக்கு, முதல் 12 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது தரும்போதே இருந்த குறை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடை. முன்பு இது ஆறு மாதமாகத்தான் இருந்தது. 12 மாதம் தாண்டினால் நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வரும். அங்கேதான் தயாரிப்பாளரின் மூன்று வருட கரன்ட்டீ கைகொடுக்கும்.

திருத்துவதா, மாற்றித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் முதலில் உங்களுடையது. நீங்கள் கேட்டது அளவுக்கு மீறிய செலவு என்றால் மட்டும் கடை மறுக்கலாம். அனுப்பும் செலவும் கடையுடையது. மாற்றித் தரும் கார்டுக்கு "இத்தனை மாதம் பாவித்தீர்களே" என்று காசு கேட்கவும் முடியாது.

இந்தக் கடைசி விதி நம் பவேரியாவில் நடந்த ஒரு வழக்கால் வந்தது. ஃபூர்த் நகரில் இருந்த குவெல்லே என்ற பெரிய தபால் விற்பனை நிறுவனத்திடம் ஒரு பெண் 2002 கோடையில் 524.90 யூரோவுக்கு அடுப்பு வாங்கினார். 2004 ஜனவரியில் உள்ளே பூச்சு உரிந்தது. குவெல்லே மாற்றிக் கொடுத்தது, ஆனால் பாவித்த காலத்துக்கென்று 69.97 யூரோ வாங்கியது. நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு அந்த எழுபது யூரோவுக்காக வழக்குப் போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2008 ஏப்ரல் 17 அன்று, அப்படி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. "எழுபது யூரோ தானே, விடு" என்று அந்தக் குடும்பம் விட்டிருந்தால் அந்த வழக்கே இருந்திருக்காது.

உரிமை இவ்வளவு வலுவாக இருப்பதால்தான் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கார்டைப் புதுப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புவது, தானே குளிர்விப்பானைக் கழற்றிச் சில்லின் ஓரத்தை உடைத்துவிட்டு "தானாக நின்றது" என்று எழுதுவது, இதெல்லாம் கெட்டித்தனம் என்று நம் பிள்ளைகள் சிலர் சிரித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஜெர்மன் சட்டத்தில் அதற்குப் பெயர் மோசடி. நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். கள்ளத் தராசு வைத்த வியாபாரியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். அந்த வசனம் பேசுவது வாங்குகிறவனைப் பற்றி. இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமில்லாமல் திருப்பலாம் என்பதும் பொருளைப் பார்த்துச் சோதிக்கத்தான். இரண்டு வாரம் விளையாடித் தேய்த்துவிட்டு அனுப்பினால் மதிப்புக் குறைவுக்குக் காசு பிடிக்க இடமுண்டு. கடையில் நேரே வாங்கினால் அந்த 14 நாளும் இல்லை.

இன்னொன்று. செத்த கார்டை அடுப்பில் சுட்டு உயிர்ப்பிக்கும் வித்தை 2008 காலத்திலிருந்து சுற்றி வருகிறது. அந்த வருடம் என்விடியா, தன் மடிக்கணினிச் சில்லுகளின் பலவீனமான இணைப்புகளுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அப்படியான சில்லுகளைச் சூடாக்கினால் விட்ட இணைப்பு கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும், பிறகு மறுபடி விடும். உத்தரவாதம் போய்விடும். அதே அடுப்பில் அம்மா கேக் சுடுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைக்கு எழுதும் கடிதம் நீளமாக வேண்டாம். பற்றுச்சீட்டு எண், வாங்கிய திகதி, கார்டின் தொடர் எண். பிறகு குறை: எந்த விளையாட்டில், எத்தனை நிமிடத்தில், எத்தனை டிகிரியில் என்ன நடக்கிறது. சிவில் சட்டம் 439-ஆம் பிரிவின்படி மாற்றித் தரும்படி கேட்டு, இரண்டு வாரம் தள்ளி ஒரு திகதி போடுங்கள். திரைப் படங்களை இணையுங்கள். பெட்டியில் போடுமுன் கார்டை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். திகதி தாண்டியும் பதில் இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அப்போதும் மறுத்தால், மியூனிக்கிலேயே பவேரிய நுகர்வோர் மையத்தின் ஆலோசனை நிலையம் இருக்கிறது. சிறு கட்டணம் வாங்குவார்கள்.

தனியாரிடம் பழைய கார்டு வாங்கும்போது மட்டும் கவனம். "கெவேர்லைஸ்டுங் இல்லை" என்று அவர் எழுதிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. ஆகவே காசு கொடுக்குமுன் அவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓட்டி, ஹொட்ஸ்பொட்டைப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மேலே சொன்ன கடிதம் கார்டுக்கு மட்டுமல்ல. வீட்டில் ஜெர்மன் கடிதம் எழுதுகிறவர் நீங்கள்தானே. பத்தாம் மாதம் நின்றுபோன சலவை இயந்திரத்துக்கும் அதே கடிதம்தான். டிகிரியை எடுத்துவிட்டு, தண்ணீர் ஒழுகும் இடத்தை எழுதுங்கள்.